தேதி சாரும் ஆடுகிற டிஷ்யூவும்

சூரியன் தினமும் காலையில் தவறாமல் உதிப்பதற்குக் காரணம், முந்தின நாள் சாயங்காலமே சித்தப்பா அதற்குப் போன் போட்டு, "நாளைக்கு எத்தன மணிக்கு வர்றீங்க? போன தடவ மாதிரி மேகத்தக் காரணம் சொல்லக் கூடாது" என்று கறாராகக் கேட்டுவிடுவதுதான். கடல் ஆவியாகிறது, ஆவி மேகமாகிறது, மேகம் மழையாகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். இந்த மூன்று டிபார்ட்மென்டுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையே கிடையாது, நடுவில் சித்தப்பா நின்று விரட்டாவிட்டால் உலகத்தில் ஒரு சொட்டு மழை விழாது என்பதை மட்டும் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. எங்கோ ஒரு ஊரில் கோபுரம் ஒன்று சாய்ந்து நிற்கிறதாமே, அந்த வேலையை சித்தப்பாவிடம் கொடுத்திருந்தால் நேராக நின்றிருக்கும். அதுவும் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே.

அப்படிப்பட்ட மாவீரருக்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம். லிஃப்ட் என்றால் பயம். போலீஸ்காரர் எதிரே வந்தால், ஒரு தப்பும் செய்யாமலேயே முகத்தில் ஒரு திருட்டுக் களை வந்துவிடும்.

இதை எழுதுவது அவருடைய அண்ணன் மகள். மாடியில் அண்ணன் குடும்பம், கீழே சித்தப்பாவும் சித்தியும், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாசல், ஒரே காலிங் பெல். அந்த பெல் ஒரு காலத்தில் குருவி மாதிரி கூவிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சி மனப்பான்மை உள்ள யாரோ ஒருவர் அதைக் கழற்றி மாட்டிய பிறகு, விக்கல் எடுத்த வாத்து மாதிரி ஆகிவிட்டது. அந்த யாரோ யார் என்பது இன்று வரை துப்புத் துலங்காத வழக்கு. மற்றபடி எழுதுகிறவளைப் பற்றிப் பேச்சு வேண்டாம். கதை சித்தப்பாவுடையது.

சித்தப்பா வேலை பார்ப்பது ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில். பெயிண்ட், பசை, ரப்பர் என்று கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது ஒட்டுமா, உரியுமா, வெடிக்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் வாசலில் மாதிரிகளை வாங்கி அடுக்கி வைக்கிற ஆளாகச் சேர்ந்தார். எந்தப் பெட்டி எங்கே போகிறது, ஏன் இன்னும் திரும்பி வரவில்லை என்று போகிற வருகிறவர்களை எல்லாம் நச்சரித்தார். நச்சரிப்புத் தாங்காமல் அவரையே புராஜெக்ட் மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வாக்கியம், "எந்தத் தேதிக்கு முடியும்?" என்பதுதான். ஆபீசில் அவருக்குப் பெயர் தேதி சார். கல்யாணப் பேச்சு நடந்தபோது சித்தியிடம் அவர் முதன்முதலாகப் பேசியதும் இதே வாக்கியம்தான் என்று சித்தி சொல்லுவாள். எது முடியும் என்று கேட்டார் என்பது அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தக் கூடத்தின் பின்பக்கம் பசை லேப். நீளமான அறை. வெள்ளை ஓடு பதித்த மேஜை, தகரத் தட்டுகள், கதவைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும் தின்னர் வாடை. கடைசிச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. அதை ஹூட் என்பார்கள். முன்னால் மேலே கீழே இழுக்கிற கண்ணாடிக் கதவு, வேலை செய்யும்போது கதவை இதற்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஓரத்தில் ஒரு கோடு, தலையில் கூரைக்குப் போகிற பெரிய குழாய், மொட்டை மாடியில் அந்தக் குழாயின் முனையில் ஒரு மோட்டாரும் காற்றாடியும். பசையிலிருந்து கிளம்புகிற ஆவியை அந்தக் காற்றாடி உறிஞ்சி ஆகாயத்துக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் அது நேராக வேலை செய்கிறவரின் மூக்குக்குள் போகும்.

ஹூட் இழுக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு ஒரு மீட்டர் இருந்தது. அது கெட்டுப்போய், ரிப்பேருக்குப் போய், போன இடத்திலேயே செட்டில் ஆகிவிட்டது. அதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கதவின் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு டிஷ்யூத் துண்டை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். காற்று இழுத்தால் டிஷ்யூ ஆடும். ஆடினால் ஹூட் நலம். அந்த லேபில் யாரும் யாருக்கும் காலை வணக்கம் சொல்வதில்லை. சித்தப்பா தாழ்வாரத்தில் நின்று ஜன்னல் வழியாக, "ஆடுதா?" என்பார். உள்ளேயிருந்து, "ஆடுது சார்" என்று பதில் வரும். அவரும் கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொண்டு போய்விடுவார். பாதுகாப்பு அதிகாரி என்று ஒருத்தர் இருந்தவரை இது அவர் வேலை. அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போன பிறகு முதலாளி சித்தப்பாவைக் கூப்பிட்டு, "புது ஆள் வர்ற வரைக்கும் நீங்களே கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். புது ஆள் வரவே இல்லை. அந்தக் 'கொஞ்சம்' வருஷக் கணக்கில் நீண்டது.

லேபில் உள்ளே இருந்து பதில் சொல்வது கெமிஸ்ட். படிப்பை முடித்து நேராக வந்து சேர்ந்த பெண். சித்தப்பாவைக் கண்டு பயப்படாத ஒரே ஊழியர். "பசை காய்றதுக்கு ஒரு நேரம் இருக்கு சார். நீங்க மொறச்சா அது சீக்கிரம் காயாது" என்பாள்.

அந்த வருஷம் ஒரு பெரிய செருப்புக் கம்பெனியின் வேலை வந்தது. பசையைத் தட்டுத் தட்டாக ஊற்றி, ஒரே அளவு வெப்பத்தில் காயவைத்து, பிய்த்துப் பார்க்க வேண்டும். வெயில் காலம். லேபில் பசை கொதித்தது. சித்தப்பா லேபை அரை நாள் நிறுத்தி, ஆள் கூப்பிட்டு, ஹூட்டுக்கு நேர் எதிர்ச் சுவரில் புது ஏசி மாட்ட வைத்தார். இடத்தை அவரே சுவரில் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். வெப்பம் சரியானது. வேலை பிய்த்துக்கொண்டு போனது. தேதி நெருங்க நெருங்க தட்டுகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்.

ஒரு நாள் காலை அவர் ஜன்னலில் நின்றபோது கெமிஸ்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மூணு நாளாவே தலைவலி சார். வாடையும் ஜாஸ்தியா இருக்கற மாதிரி இருக்கு."

"ஆடுதா பாரும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். டிஷ்யூ கல்யாண வீட்டுக் குழந்தை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"ஆடுது சார்."

"அப்புறம் என்ன? ஹூட் நல்லாத்தான் இருக்கு. மாத்திர போட்டுக்க. வெள்ளிக்கெழமைக்கு முடிஞ்சுடும்ல?"

வெள்ளிக்கிழமை முடியவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் கெமிஸ்ட் ஹூட்டுக்கு முன்னால் நின்றபடியே மயங்கி விழுந்தாள். விழும்போது ஸ்டூலின் விளிம்பு தலையில் பட்டது. வாட்ச்மேனும் சித்தப்பாவும் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற சித்தப்பா, வழியெல்லாம் தன் கைக்குட்டையை அவள் தலையில் அழுத்திப் பிடித்தபடி போனார். அந்தச் சட்டையை சித்தி எத்தனை தடவை துவைத்தும் கறை முழுக்கப் போகவில்லை.

உயிருக்கு ஒன்றும் இல்லை. தலையில் தையல். மூளையில் ஆவி ஏறியிருக்கிறது, சில வாரம் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். விஷயம் அரசாங்கத்துக்குப் போய், திங்கட்கிழமை பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. அதுவரை லேபைப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை சித்தப்பா பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கெமிஸ்ட்டின் அம்மா பழத்தை வாங்கவில்லை.

"எங்க பொண்ணு என்ன தப்பு பண்ணா சார்? கண்ணாடிக் கதவ மேல ஏத்தி வெச்சுட்டா, அதனாலதான் ஆச்சுன்னு உங்க முதலாளி போன்ல சொல்றாரு. அவ தப்புன்னு ஆயிட்டா வேலையும் போயிடுமாம், நஷ்ட ஈடும் கெடைக்காதாம்."

கட்டுப் போட்ட தலையோடு கெமிஸ்ட் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நான் கோட்டுக்குக் கீழதான் எறக்கி வெச்சிருந்தேன் சார்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "வெச்சிருந்தேன்னுதான் நெனைக்கிறேன்."

அந்த இரண்டாவது வாக்கியம் சித்தப்பாவோடு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சித்தியிடம் சொன்னார்: "ஹூட்டுல டிஷ்யூ ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். அப்ப அந்தப் பொண்ணு கதவ ஏத்தித்தான் வெச்சிருக்கணும். வேற எப்படி?"

"அத ஏன் எங்கிட்ட கேக்கறீங்க? நான் என்ன ஹூட்டா?" என்றாள் சித்தி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சித்தப்பா ஹாலில் பாய் விரித்துத் தூங்கினார். அவர் குறட்டைக்குத் தெருநாய்கள் பதில் சொல்லும். ஆனால் தான் குறட்டை விடுவதே இல்லை என்பது அவருடைய கட்சி. இந்த வாக்குவாதத்துக்கு ஆதாரத்தோடு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று பொதுநலம் கருதி யாரோ ஒருவர், மெல்லிசாக ஒரு டிஷ்யூத் துண்டைக் கிழித்து, அவர் மூக்குக்குக் கீழே மேல் உதட்டில் டேப் போட்டு ஒட்டிவிட்டார். டிஷ்யூ மீசை எழும்பி எழும்பி ஆடியது. மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். சித்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

சிரிப்புச் சத்தத்தில் சித்தப்பா விழித்துக்கொண்டார். மூக்குக்குக் கீழே வெள்ளையாக ஏதோ ஆடுவதைப் பார்த்தார்.

"பாருங்க, குறட்டையில எப்படி ஆடுது!" என்றாள் சித்தி.

"நான் முழிச்சுட்டேன். இப்பவும் ஆடுதே."

"மூச்சு விடறீங்கல்ல?"

சித்தப்பா விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார். வாயையும் இறுக மூடிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பியது. டிஷ்யூ அப்போதும் ஆடியது. பக்கத்தில் டேபிள் ஃபேன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு சாவகாசமாக வீசிக்கொண்டிருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சித்தப்பா சிரிக்கவில்லை. மூக்கைப் பிடித்த கையை எடுக்க மறந்து, ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்து நீலமாகும் நேரத்தில் மூச்சு விட்டார். எழுந்து சட்டையை மாட்டினார். டிஷ்யூ மீசையோடேயே வாசல் தாண்டிவிட்டார். சித்தி ஓடிப்போய்ப் பிய்த்து எடுத்தாள்.

"எங்கங்க போறீங்க? ஞாயித்துக்கெழம!"

"ஏசிய பாக்கணும்" என்றார்.

வாட்ச்மேன் சாவி கொடுத்தார். பூட்டிக் கிடந்த லேபில் வாடை அப்படியே தங்கியிருந்தது. சித்தப்பா ஹூட் ஸ்விட்சைப் போட்டார். மாடியில் மோட்டார் உர்ரென்றது. ஏசியைப் போட்டார். டிஷ்யூ ஆடியது. எல்லாம் வழக்கம் போல. இப்போது ஹூட்டை அணைத்தார். உர்ர் நின்றது. டிஷ்யூ நிற்கவில்லை. அவர் பென்சிலால் குறித்துக் கொடுத்த இடத்திலிருந்து ஏசி நேராக அதன் மேல் ஊதிக்கொண்டிருந்தது. கடைசியாக ஏசியை அணைத்து, ஹூட்டை மட்டும் போட்டார். மேலே உர்ர். கீழே டிஷ்யூ செத்த பல்லி வால் மாதிரி தொங்கியது.

மொட்டை மாடிக்கு ஏறிப் போனார். ஏணி என்றாலும் அவருக்குப் பயம் என்பதை முதலில் சொல்ல விட்டுப்போயிற்று. மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரையும் காற்றாடியையும் இணைக்கிற பெல்ட் அறுந்து, கம்பி வலைக்குள் கிடந்தது. அதன் மேல் நல்ல தடிமனாகத் தூசி. காற்றாடியில் ஒரு சிலந்தி வலை கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அறுந்தது நேற்று இன்று இல்லை. மோட்டார் சத்தம் கேட்டது, டிஷ்யூ ஆடியது, அதனால் யாரும் மேலே வரவில்லை.

கெமிஸ்ட் கதவைக் கோட்டுக்குக் கீழே இறக்கியிருந்தாலும் ஒன்றுதான், மேலே ஏற்றியிருந்தாலும் ஒன்றுதான். ஆவி போக வழியே இருக்கவில்லை. போதாததற்கு உள்ளே கிடந்த ஆவியை ஏசி கிளறி அவள் முகத்தில் விட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை, இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால், முதலாளி அறையில் வக்கீலும் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா கண்டதைச் சொன்னார். முதலாளி கொஞ்ச நேரம் பேப்பர் வெயிட்டை உருட்டினார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்க ரெண்டு பேருக்கு."

"ஒரு பெல்ட்டு. பத்து நிமிஷ வேலை. அவங்க வர்றதுக்குள்ள மாட்டிடலாம்."

"புது பெல்ட்டுல தூசி இருக்காதுங்க" என்றார் சித்தப்பா. "எந்தத் தேதியில மாட்டினதுன்னு கேப்பாங்க."

வக்கீல் சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "சார், பெல்ட்ட விடுங்க. அது இருந்தபடியே இருக்கட்டும். உங்களுக்கு ஒண்ணு சொல்றேன் கேளுங்க. சட்டம் பதவிப் பேரப் பாக்காது. யாரு நிறுத்துன்னு சொல்லியிருந்தா வேல நின்னிருக்கும்? அந்த ஆளத்தான் தேடும். அது நீங்கதான்னு ஆயிட்டா கேஸ் கம்பெனி மேல மட்டும் இல்ல, உங்க மேலயும் வரும். அபராதம் வரலாம், ஜெயிலும் வரலாம். அதனால நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நான் தேதி பாக்கற ஆளு. பாதுகாப்பு என் வேல இல்ல, நிறுத்தற அதிகாரமும் எனக்குக் கெடையாது. அவ்வளவுதான்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"அந்தப் பொண்ணு கதவ எங்க வெச்சிருந்தான்னு அவளுக்கே ஞாபகம் இல்ல" என்றார் முதலாளி. "நீங்க புள்ளகுட்டி... சரி, குடும்பம் இருக்கற ஆளு. யோசிங்க."

சித்தப்பா யோசித்தார். சரி என்று சொன்னாரா என்றால், சொன்னார். தலையை ஆட்டினார். அதை மறைத்து அவரை இன்னும் பெரிய வீரராகக் காட்டலாம். ஆனால் பின்னால் இதை அவரே சித்தியிடம் சொன்னார், சித்தி மாடிக்குச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. குடையை மடக்கி லேப் மூலையில் சாத்தி வைத்தார். கண்ணாடிக் கதவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, வக்கீல் சொல்லி வைத்த மாதிரியே கேட்டார்.

"இந்த லேபுல வேலைய நிறுத்துன்னு சொல்ற அதிகாரம் யாருகிட்ட இருந்துச்சு?"

சித்தப்பா வாயைத் திறந்தார். 'எனக்குக் கிடையாது' என்பதில் 'எ' வரைக்கும் வந்துவிட்டது. அப்போது எதிர்ச்சுவரில் ஏசியைப் பார்த்தார். அதன் ஓரத்தில் அவர் போட்ட பென்சில் கோடு அழியாமல் இருந்தது.

"எங்கிட்ட" என்றார்.

வக்கீல் இருமினார்.

"இந்த ஏசி மாட்டறதுக்கு லேப அரை நாள் நிறுத்தினேன் மேடம். யாரையும் கேக்கல. நிறுத்துன்னேன், நின்னுச்சு. பசைக்கு வேர்க்குதுன்னு நிறுத்தினேன். அந்தப் பொண்ணு தலவலின்னு சொன்னப்ப மாத்திர போடச் சொன்னேன்." ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுவது அவர் சுபாவத்தில் இல்லை. ஸ்விட்சை ஒவ்வொன்றாகப் போட்டும் அணைத்தும் டிஷ்யூ ஆடுவதைக் காட்டினார். ஏணியைக் காட்டினார். "பெல்ட் மேல இருக்கு. யாரும் தொடல."

இன்ஸ்பெக்டர் மேலே போய்ப் பார்த்துவிட்டு, சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே இறங்கி வந்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்.

"எனக்கு என்ன ஆகும் மேடம்?" என்று கேட்டார் சித்தப்பா.

"பயப்படாதீங்கன்னு நான் சொல்ல முடியாது சார். பயப்பட வேண்டிய எடத்துலதான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

கம்பெனி மேல் வழக்கு வந்தது. சித்தப்பா மேலும் வந்தது. தீர்ப்பு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார் முதலாளி. கெமிஸ்ட் மேல் தப்பில்லை என்று இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கே ஆகிவிட்டது. அவளுக்கு நஷ்ட ஈடும் கிடைத்தது, குணமானதும் வேலையும் கிடைத்தது.

சித்தப்பா வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது. வீட்டை ஒரு புராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டார். குக்கர் எத்தனையாவது விசிலில் இருக்கிறது, ஒழுகுகிற குழாய்க்கு ஆள் எப்போது வருவார், துணி எந்தத் தேதிக்குள் காயும் என்று சித்தியைத் துரத்தினார். "நீங்க ஜெயிலுக்கே போயிடுங்க. அங்கயாவது நெறய பேரு இருப்பாங்க, வேல வாங்கலாம்" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சிறிது நேரம் வெளியே வரவில்லை.

ஒரு காலத்தில் அவர் போன் ஓயாது. குளிக்கும்போதும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். இப்போது அது மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. ஆபீஸ்காரர்கள் பேசப் பயந்தார்கள். பேசினால் சாட்சிக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று. அவர் அவ்வப்போது அதை எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பார்.

அப்படி ஒரு சாயங்காலம் அது அடித்தது. தெரியாத நம்பர். அவர் பாய்ந்து எடுத்தார்.

"ஹலோ, தேதி சாருங்களா?" கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கரகரப்பான குரல். "நாங்க யானைக்குச் செருப்பு தைக்கற கம்பெனிங்க. பசை நிக்குமான்னு டெஸ்ட் பண்ணணும்."

சித்தப்பா போனை ஒரு தடவை காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க சார். யானை எத்தன கிலோ?"

"அது... ஒரு சுமாரான யானைங்க."

"முன்னங்காலா, பின்னங்காலா? வெயிட் மாறும். எந்தத் தேதிக்கு வேணும்?"

"எங்களுக்கு அவசரம் இல்லீங்க. நீங்க திரும்ப வேலைக்கு வந்தப்புறம் பண்ணாப் போதும். உங்களத் தவிர வேற யாருகிட்டயும் குடுக்கறதா இல்ல."

"நான் வர்றது நிச்சயம் இல்ல சார்."

"யானையும் இன்னும் வளரணுங்க" என்றது குரல்.

வாரத்தில் இரண்டு மூன்று தடவை அந்த வாடிக்கையாளர் கூப்பிட்டார். யானை குட்டி போட்டது. குட்டிக்கும் செருப்பு வேண்டும் என்றார். யானைக்கு ஹை ஹீல்ஸ் ஆசை வந்துவிட்டது என்றார். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். ஹீல்ஸ் என்றால் ஒட்டும் பரப்பு குறைவு, ஆணியும் அடிக்க வேண்டும் என்று விளக்கினார். பேசி முடித்த பிறகு அன்றைக்கு மட்டும் சோறு இரண்டாம் முறை போட்டுக்கொள்வார். சித்தி இதைக் கவனித்தாள்.

கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. கம்பெனிக்குப் பெரிய அபராதம். சித்தப்பாவுக்கும் அபராதம், ஜெயில் இல்லை. உண்மையை மறைக்காமல் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக நீதிபதி சொன்னார். ஆனாலும் குற்றம் குற்றம்தான், பொறுப்பு அவருடையதுதான் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். சித்தப்பா அதைக் கேட்டு, ஹாஜர் சொல்வது போல, "ஆமாங்கய்யா" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் முதலாளியே போன் செய்தார். லேபைத் திறக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் கதவில் ஒரு போர்டு மாட்ட வேண்டும், வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் என்று ஒருத்தர் பெயரை எழுத வேண்டும் என்பது உத்தரவு. ஆபீஸ் முழுக்கக் கேட்டுப் பார்த்தாயிற்று. ஆளாளுக்கு லீவு போட்டுவிட்டார்கள். "உங்க பேருதான் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே" என்றார் முதலாளி.

சித்தப்பா போனார். முதல் வேலையாக ஏசியைக் கழற்றிப் பக்கச் சுவருக்கு மாற்றினார். ஹூட்டுக்குப் புது மீட்டர் வந்தது. மொட்டை மாடிக்கு இப்போது வாரா வாரம் ஏறுகிறார், கண்ணை மூடிக்கொண்டு. காலையில் ஜன்னலில் நின்று அவர் கேட்பது மாறிவிட்டது.

"தல வலிக்குதா?"

"இல்ல சார். நீங்க நகந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்கிறாள் கெமிஸ்ட்.

திரும்ப வேலைக்குப் போன அந்த முதல் நாள் சாயங்காலம். சித்தப்பா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். போன் அடித்தது. யானைச் செருப்புக்காரர்.

"வாழ்த்துகள் தேதி சார்! யானை ஒரே குஷியா ஆடுதுங்க."

"எதனால ஆடுதுன்னு பாத்தீங்களா சார்?" என்றார் சித்தப்பா. "ஆடறத மட்டும் பாத்து நம்பக் கூடாது. ஒவ்வொண்ணா போட்டும் அணச்சும் பாக்கணும். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."

விரலை நீட்டி காலிங் பெல்லை அழுத்தினார்.

வீட்டுக்குள் வாத்து விக்கியது. போனுக்குள்ளும் வாத்து விக்கியது.

விரலை எடுத்தார். இரண்டும் நின்றன. மறுபடி அழுத்தினார். இரண்டும் விக்கின. போனில் கரகரக் குரலைக் காணோம், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கதவத் தொறங்க, யானை சார்."

கதவு திறந்தது. உள்ளே, ஒரு கையில் அப்பாவின் பழைய போனும், மறு கையில் குரலுக்குக் கிணறு சேர்க்கிற எவர்சில்வர் டம்ளருமாக, இதை எழுதுகிறவள் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்பலேந்து தெரியும் சித்தப்பா?"

"மொத நாளே."

"அப்புறம் ஏன் பேசினீங்க?"

சித்தப்பா செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார். "வேற யாரு போன் பண்ணாங்க?" என்றார்.

டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே பார்த்தார், பசை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்பது போல. பிறகு கதவுக்கு மேலே இருக்கிற பெல் பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

"அந்தக் குருவியக் கழட்டி வாத்தா மாத்தினதும் யாருன்னு தெரியும். மறுபடி குருவியாக்கணும். எந்தத் தேதிக்கு முடியும்?"